எடிசன் நம்பிய பற்றரிக் கார்

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்ததிலிருந்து, எங்கள் பக்கத்தில் நாலு பேர் கூடும் இடமெல்லாம் ஒரே கதைதான். மின்சாரக் கார் எடுப்பதா, பெற்றோல் கார் எடுப்பதா? 2022இல் பெற்றோல் செட் வாசலில் இரவு பகலாக வரிசையில் கிடந்தவர்கள், இனிப் பெற்றோலை நம்பி ஒரு சதமும் போடமாட்டோம் என்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன்னர் பழைய மின்சாரக் காரை வாங்கி, பற்றரி இறங்கிப்போய், கடைசியில் அதைக் கராஜின் மூலையில் விட்டவர்கள், அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள் என்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இதே கேள்விக்காகத் தன் வாழ்நாளில் பத்து ஆண்டுகளைக் கொடுத்த ஒரு மனிதரின் கதையைச் சில மாதங்களாக வாசித்து வருகிறேன். அவர் தோமஸ் அல்வா எடிசன்.

பள்ளிக்கூடத்தில் எமக்கு எடிசனை மின்குமிழோடு அறிமுகப்படுத்தினார்கள். கிராமபோன், சினிமாக் கருவி என்று இன்னும் சில பெயர்களைச் சேர்த்துப் பாடத்தை முடித்துவிட்டார்கள். அவர் வாழ்க்கையில் மிக நீண்ட காலம் பிடித்த, மிக அதிகம் களைப்படையச் செய்த வேலை மோட்டார் காருக்கான பற்றரி என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

அவர் 1847 பெப்ரவரி 11ஆம் திகதி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மிலான் என்ற சிற்றூரில் பிறந்தார். சில மாதங்கள்தான் பள்ளிக்கூடம் போனார். பிறகு தாயார் நான்சி வீட்டில் வைத்துப் படிப்பித்தார். பன்னிரண்டு வயதில் ரயிலில் பத்திரிகையும் இனிப்பும் விற்கும் பையனானார். சிறு வயதிலேயே காது மந்தமாகி, வளர வளரக் கேட்கும் திறன் மேலும் குறைந்தது.

அவரது இளமைக் கதையில் ஒரு சம்பவம் என்னை நின்று யோசிக்க வைத்தது. 1862 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஷைலோ சமர் நடந்தது. கொல்லப்பட்டவர்களும் காயப்பட்டவர்களுமாக இரு தரப்பிலும் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் விழுந்தார்கள். பதினைந்து வயது எடிசன், வழியில் உள்ள ரயில் நிலையங்களுக்குத் தந்தி மூலம் சமர்ச் செய்தியை முன்கூட்டியே அறிவிக்க ஏற்பாடு செய்தார். கடனுக்கு ஆயிரம் பத்திரிகைகளை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினார். ஒவ்வொரு நிலையத்திலும் சனம் முண்டியடித்து நின்றது. விலையை ஏற்றிக்கொண்டே போய் எல்லாவற்றையும் விற்றுத் தீர்த்தார். வாழ்க்கை வரலாறுகள் இதைக் கெட்டிக்காரத்தனமாகச் சொல்கின்றன. நான் அந்த நிலையங்களில் நின்ற தாய்மாரைப் பற்றி யோசித்தேன். பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று பத்திரிகையைப் பிரித்துத் தேடுவது என்னவென்று எம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எடிசனிடம் கடைசிவரை இருந்த ஒரு குணம் அங்கேயே தெரிகிறது: எது தேவை, எங்கே தேவை, எவ்வளவு விலை போகும் என்று பார்க்கும் கண். அந்தக் கண் கார் விடயத்தில் மட்டும் அவரைக் கைவிட்டது.

தந்தி இயக்குநராக ஊர் ஊராக அலைந்து, 1876இல் நியூஜேர்சியின் மென்லோ பார்க்கில் ஆய்வுகூடம் அமைத்து, 1877இல் ஒலிப்பதிவுக் கருவியையும் 1879இல் நின்று எரியும் மின்குமிழையும் உலகுக்குக் காட்டினார். குமிழை எரிக்க மின்சாரம் வேண்டுமே. 1882 செப்ரெம்பர் 4ஆம் திகதி நியூயோர்க்கின் பேர்ள் வீதியில் அவரது மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அது நேர்மின்சாரம். ஏறத்தாழ ஒரு மைல் தூரத்துக்கு அப்பால் அதைக் கொண்டுபோவது கட்டுப்படியாகாது. நெடுந்தூரம் போகக்கூடிய ஆடல் மின்சாரத்தோடு வெஸ்ரிங்ஹவுஸ் வந்தபோது, எடிசன் தரப்பு அது கொல்லும் மின்சாரம் என்று ஊரைப் பயமுறுத்தியது. அதைக் காட்டுவதற்காக மிருகங்களை மின்பாய்ச்சிக் கொன்றார்கள். எடிசனின் சொந்த ஆய்வுகூடத்திலேயே அது நடந்தது. அப்படியிருந்தும் அந்தப் போட்டியில் அவர் தோற்றார். தன் பொருளை விற்கிறவர் எதிராளியின் பொருளைப் பற்றிச் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு அவரே சாட்சி.

இனிக் காருக்கு வருகிறேன். 1900ஆம் ஆண்டு அமெரிக்காவில் செய்யப்பட்ட கார்கள் 4,192. அவற்றில் 1,681 நீராவியில் ஓடியவை. 1,575 மின்சாரத்தில் ஓடியவை. பெற்றோலில் ஓடியவை 936 மட்டுமே. இந்தக் கணக்கைப் பார்த்தபோது நான் வியந்துபோனேன். மின்சாரக் கார் நேற்று வந்த புதுமை என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். அது பெற்றோல் காரை ஒருமுறை முந்தி ஓடி, பிறகு பின்தங்கிப்போன பழைய வண்டி.

அன்றைய மின்சாரக் காரின் நன்மைகள் இன்று விற்பனையாளர்கள் சொல்லும் அதே நன்மைகள்தான். சத்தம் இல்லை, புகை இல்லை, நாற்றம் இல்லை. கியர் மாற்றத் தேவையில்லை. பெற்றோல் காரை ஸ்ராட் பண்ண முன்னால் நின்று இரும்புப் பிடியைச் சுழற்றவேண்டும்; எஞ்சின் திருப்பி உதைத்தால் கை முறியும். மின்சாரக் காரில் ஏறி இருந்து போகவேண்டியதுதான். நகரத்து வைத்தியர்களும் வசதியுள்ள பெண்களும் அதை விரும்பினார்கள். பெற்றோல் காரால் உலகையே மாற்றிய ஹென்றி போர்ட்டின் மனைவி கிளாரா ஓட்டியதும் டெட்ரொயிட் எலக்ரிக் என்ற மின்சாரக் கார்தான். அவரது 1914ஆம் ஆண்டு வண்டி இன்றும் போர்ட்டின் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

குறை பற்றரியில் இருந்தது. அன்று இருந்தது ஈயமும் அமிலமும் கொண்ட பற்றரி. பாரம் அதிகம், குலுங்கிக் குலுங்கித் தகடு உதிரும், சில வருடத்தில் மாற்றவேண்டும். எடிசன் இதைத் தீர்த்துவிட்டால் நகரத்துக் குதிரைகளையும் பெற்றோல் எஞ்சினையும் ஒன்றாக ஓரங்கட்டிவிடலாம் என்று நம்பினார். இதில் வேடிக்கை என்னவென்றால், பெற்றோல் கார் செய்யும்படி போர்ட்டை ஊக்கப்படுத்தியவரும் அவரே. 1896 ஓகஸ்ட்டில் எடிசன் கம்பனிகளின் விருந்து ஒன்றில், டெட்ரொயிட் மின்நிலையத்தில் வேலை செய்த இளம் பொறியியலாளரான போர்ட்டை அவர் பக்கத்தில் இருத்தினார்கள். எடிசனுக்குக் காது கேளாததால் போர்ட் தன் எஞ்சினைக் கடதாசியில் வரைந்து காட்டினார். எடிசன் மேசையில் குத்தி, விடாமல் செய் என்று உற்சாகப்படுத்தினாராம். மின்சாரக் கார் மின்நிலையத்துக்குப் பக்கத்திலேயே சுற்றவேண்டும், இந்த வண்டியோ தன் எரிபொருளைத் தானே சுமந்து போகிறது என்பதே அவர் சொன்ன காரணமென்று போர்ட் பிற்காலத்தில் எழுதினார். உண்மையில் எடிசன் அப்படிச் சொல்லியிருந்தால், தன் தோல்விக்கான காரணத்தை வேலை தொடங்கும் முன்னரே அவர் அறிந்திருந்தார்.

1899 அளவில் அவர் வேலையைத் தொடங்கினார். அமிலத்தை விட்டுக் காரக்கரைசலுக்குப் போனார். ஈயத்துக்குப் பதிலாக ஒரு பக்கம் நிக்கல், மறுபக்கம் இரும்பு. ஆயிரக்கணக்கான பரிசோதனைகள். பற்றரியை இயந்திரத்தில் வைத்து இலட்சக்கணக்கான தடவை தூக்கித் தூக்கிப் போட்டுக் குலுக்கினார்கள். மோசமான தெருக்களில் வண்டியில் ஏற்றி ஓடினார்கள். 1903இல் விற்பனைக்கு வந்தது. வருவதற்கு முன்னரே எடிசன் பத்திரிகைகளில் அதை வானளாவப் புகழ்ந்துவிட்டார். வாங்கக் கூட்டம் நின்றது. கொஞ்சக் காலத்தில் முறைப்பாடுகள் வரத் தொடங்கின. சில பற்றரிகள் ஒழுகின. சில, எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தூரம் ஓடவில்லை.

இந்த இடத்தில் எடிசன் செய்ததுதான் என் மனதில் அவரை உயர்த்தியது. உற்பத்தியை நிறுத்தினார். பழுதான பற்றரிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நட்டத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, கிராமபோனிலும் சினிமாவிலும் வந்த காசை இதற்குள் கொட்டி, முதலிலிருந்து தொடங்கினார். பற்றரி இறங்கிப்போன காரோடு இறக்குமதியாளரின் வாசலுக்கு நடந்து களைத்த எங்கள் ஆட்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

இன்னுமொரு ஐந்து ஆண்டு போனது. நிக்கலையும் செம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக மின்முலாம் பூசி, பிறகு செம்பைக் கரைத்துவிட்டு, காற்றில் பறக்கும் அளவுக்கு மெல்லிய நிக்கல் செதில்களை எடுத்தார்கள். அவற்றைத் துளையிட்ட குழாய்களுக்குள் நிக்கல் சேர்வையோடு அடைத்தார்கள். கரைசலில் கொஞ்சம் லிதியம் ஐதரொட்சைட் சேர்த்தபோது பற்றரியின் கொள்ளளவும் ஆயுளும் கூடின. ஆம், இன்றைய மின்சாரக் கார் பற்றரியின் பெயரிலுள்ள அதே லிதியம். வேலை செய்யும் விதம் வேறு. ஆனால் மூலகம் ஒன்றுதான்.

1909இல் புதிய பற்றரி வந்தது. இந்த முறை அவர் சொன்னபடியே உழைத்தது. அடித்தாலும் உதைத்தாலும், முழுதாக இறங்கவிட்டாலும், மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் பழுதாகாது. இருபது, முப்பது ஆண்டு உழைத்தவை பல. டெட்ரொயிட் எலக்ரிக் கார் ஒன்று எடிசன் பற்றரியோடு ஒரே சார்ஜில் 211 மைல், அதாவது 340 கிலோமீற்றர் அளவு ஓடிக் காட்டியது. ஆனால் அது பரீட்சை ஓட்டம். மெதுவாக, ஒரே சீராக, கெட்டிக்காரச் சாரதி ஓட்டியது. விளம்பரத்தில் கம்பனியே 80 மைல் என்றுதான் சொன்னது. இன்றும் கார் விற்பவர் சொல்லும் தூரத்துக்கும், குளிரூட்டியைப் போட்டு நாலு பேரை ஏற்றி வவுனியா வரை போகும் தூரத்துக்கும் இடையே இதே இடைவெளி இருக்கிறது.

நல்ல பற்றரி வந்துவிட்டது. கார்ப் போட்டியில் மட்டும் வெற்றி வரவில்லை. ஏன் என்பதைத்தான் கார் வாங்க நினைப்பவர்கள் கவனிக்கவேண்டும்.

முதலாவது விலை. 1912இல் மின்சாரக் கார் ஒன்று 1,750 டொலர் விற்றபோது பெற்றோல் கார் 650 டொலருக்குக் கிடைத்தது. டெட்ரொயிட் எலக்ரிக் காருக்கு ஈயப் பற்றரிக்குப் பதில் எடிசன் பற்றரி வேண்டுமென்றால் மேலதிகமாக 600 டொலர் அளவு கொடுக்கவேண்டும். பற்றரியை மாற்றும் காசுக்கு ஏறத்தாழ ஒரு போர்ட் கார். பத்து ஆண்டுகள் எடிசன் ஆய்வுகூடத்தில் இருந்த காலத்தில், 1901இல் டெக்சாஸில் எண்ணெய் பீறிட்டுப் பாய்ந்தது. 1908இல் போர்ட்டின் மொடல்-ரி வந்தது. 1912இல் கடிலாக் காரில் சாள்ஸ் கெற்றரிங் செய்த மின் ஸ்ராட்டர் வந்தபோது இரும்புப் பிடி சுழற்றும் வேலையும் போயிற்று. மின்சாரக் காரின் பெரிய கவர்ச்சி ஒன்றை மின்சார மோட்டாரே பறித்துவிட்டது.

அந்த ஸ்ராட்டருக்கும் ஒரு பற்றரி வேண்டும். போர்ட் அதை எடிசனிடம் கேட்டார். பத்து இலட்சம் டொலருக்கு மேல் காசும் கொடுத்தார். ஆனால் எடிசன் பற்றரியால் ஒரேயடியாகப் பெரும் மின்னோட்டத்தைத் தள்ள முடியவில்லை. குளிரில் இன்னும் மோசம். எடிசன் ஒழிக்க நினைத்த ஈயப் பற்றரி பெற்றோல் காரின் முன்மூடிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. நூறு ஆண்டுக்குப் பிறகும் அங்கேதான் இருக்கிறது. 1914இல் இருவரும் சேர்ந்து மலிவான மின்சாரக் கார் செய்வதாகச் செய்தி வந்தது. இரண்டொரு மாதிரி வண்டிகளோடு அதுவும் ஓய்ந்துபோனது.

விலையைவிடப் பெரிய காரணம் கம்பி. பற்றரிக்கு ஏற்றுவது நேர்மின்சாரம். எடிசன் தோற்ற ஆடல் மின்சாரமே ஊரெங்கும் போனதால், வீட்டில் சார்ஜ் ஏற்ற விரும்பியவர் அதை நேர்மின்சாரமாக மாற்றும் கருவியையும் வாங்கவேண்டியிருந்தது. நகரத்துக்கு வெளியே அந்த மின்சாரமும் இல்லை. 1930ஆம் ஆண்டிலும் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் கிடைத்திருந்தது. பெற்றோலோ தகரத்தில் அடைத்துக் கடைக்குக் கடை போனது. பண்ணைக்காரன் எதை வாங்குவான்?

இதை வாசிக்கும்போது எங்கள் ஊர்க் கதை நினைவுக்கு வராமல் போகாது. 1990இலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. பழைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் எடுக்க மட்டும் சில துளி பெற்றோலைச் சாராயத்தைப்போல அளந்து விட்டார்கள். மின்சாரமும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்டோம். அந்த நாளில் ஒருவரிடம் உலகத்தின் மிகச் சிறந்த மின்சாரக் கார் இருந்திருந்தாலும் அது முற்றத்தில் நின்ற இரும்புக் கட்டில்தான். ஆகவே எது நல்ல கார் என்று கேட்பவர்களிடம், உங்கள் வாசலுக்கு எது தடையில்லாமல் வந்து சேரும் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். இன்று ஒரு வித்தியாசம் இருக்கிறது. கூரையில் சூரியத் தகடு போட்ட வீட்டுக்காரர் தன் எரிபொருளின் ஒரு பங்கைத் தானே இறக்கிக்கொள்கிறார். எடிசனுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

சொந்த வீடு, கார் நிறுத்தச் சொந்த இடம், நாளாந்தம் பள்ளிக்கூடம், வேலை, சந்தை என்று ஐம்பது அறுபது கிலோமீற்றர் ஓட்டம் என்றால், என் கணக்கில் மின்சாரக் கார் எடுக்கலாம். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஒரேயொரு காரோடு, மாதம் இரண்டு தடவை ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கொழும்புக்குப் போய்வரும் குடும்பத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். பழைய கார் வாங்குவதென்றால் வெளிப்பூச்சையும் மீற்றரையும் பார்த்து ஏமாறாமல், பற்றரியில் எத்தனை வீதம் மிஞ்சியிருக்கிறது என்பதைக் கருவி வைத்து அளந்து காட்டச் சொல்லவேண்டும். எடிசன் பற்றரிக்குக் குளிர் பகை. லிதியம் பற்றரியை விரைவாகக் கிழடாக்குவது வெப்பம். பற்றரிக்கெனத் தனியான குளிரூட்டல் இல்லாத வண்டிகள் எங்கள் வெயிலில் படும் பாட்டை ஏற்கெனவே கண்டிருக்கிறோம்.

எடிசன் பற்றரி வீண்போகவில்லை. ரயில் சமிக்ஞை விளக்குகளுக்கும், சுரங்கத் தொழிலாளரின் தலைவிளக்குகளுக்கும், நகர விநியோக வண்டிகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அவருக்கு நல்ல வருமானமும் கொடுத்தது. நீர்மூழ்கிக் கப்பலுக்கும் போனது. 1916 ஜனவரி 15ஆம் திகதி புரூக்ளின் கடற்படைத் தளத்தில் ஈ-2 என்ற நீர்மூழ்கியில், பற்றரியிலிருந்து வந்த ஐதரசன் வாயு வெடித்து உள்ளே நின்றவர்கள் உயிரிழந்தார்கள். குற்றம் பற்றரியிலா, காற்றோட்டம் இல்லாமல் விட்டவர்களிலா என்று பெரிய வாதம் நடந்தது. இறந்தவர்களின் வீடுகளுக்கு அந்த வாதத்தால் என்ன பயன்? உற்பத்தி 1975 வரை நடந்தது.

முதுமையில் எடிசன் போர்ட்டோடும், ரயர் கம்பனிக்காரர் ஃபயர்ஸ்ரோனோடும் காடு மலையெல்லாம் முகாம் போட்டுச் சுற்றினார். போனது பெற்றோல் கார்களில். அவரது கடைசி ஆராய்ச்சியும் காரைப் பற்றியதே. இந்த முறை ரயர். 1922இல் பிரித்தானியர் மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகும் இறப்பரைக் கட்டுப்படுத்தி விலையை ஏற்றினார்கள். போர் வந்து கப்பல் நின்றால் அமெரிக்கக் கார் எதில் உருளும் என்ற பயம் அங்கே எழுந்தது. களுத்துறையிலும் கேகாலையிலும் தமிழ்த் தொழிலாளர்கள் விடியற்காலையில் பால் வெட்டிய அதே இறப்பருக்கு மாற்றுத் தேடி, எண்பது வயதில் எடிசன் ஆயிரமாயிரம் செடிகளைப் பிழிந்து பார்த்தார். கோல்டன்ரொட் என்ற மஞ்சள் பூச்செடியில் ஓரளவு பாலைக் கண்டார். பெற்றோலோ மின்சாரமோ, எந்தக் கார் என்றாலும் அதற்கு வேண்டிய ஏதோ ஒன்று வேறொருவர் கையில் இருக்கிறது என்பது அந்தக் கிழவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த வேலை முடியாமலே 1931 ஒக்ரோபர் 18ஆம் திகதி வெஸ்ற் ஒறேஞ்சில் காலமானார். வயது 84. அவரை அடக்கம் செய்த நாள் இரவு, நாடு முழுவதும் மின்சாரத்தை ஒரு நிமிடம் நிறுத்தலாமா என்று ஜனாதிபதி ஹூவர் யோசித்தார். வைத்தியசாலைகளும் நீர்ப்பம்பிகளும் நின்றுவிடும் என்பதால் அதைக் கைவிட்டு, அவரவர் வீட்டு விளக்கை அணைக்கும்படி கேட்டுக்கொண்டார். நகரங்களில் அணைத்தார்கள். பண்ணைகளில் பெரும்பாலானவர்களிடம் இருந்தது மண்ணெண்ணெய் விளக்குத்தான். வெளியே முற்றத்தில் போர்ட் கார் நின்றது.